கிணற்றுக்கும் கேட்டுக்கும் நடுவே

‘14.3.1999, ஞாயிறு. சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர் கல்லறை. சுவரோரக் கல்லில் நான்காம் வரிக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை என்று குறித்தேன். குடையோடு நின்றிருந்த ஓர் அம்மாள் அதை அடிக்கச் சொல்லி, எழுத்து எதுவும் தெரியவில்லை என்று எழுதவைத்தார்.’

என் நாட்குறிப்பில் அவர் முதன்முதலாக வருவது இந்த இடத்தில். அன்று பெயர் கேட்கவில்லை. பிறகு தெரிந்துகொண்ட பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் மகள் கேட்டுக்கொண்டது.

நான் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, நினைவஞ்சலி என்று வாரம் முழுவதும் மற்றவர்களுடைய தேதிகளைச் சரிபார்ப்பேன். ஞாயிறு என்னுடையது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போய், எழுத்து வெட்டிய பழைய கல் எது கிடைத்தாலும் படியெடுத்து வருவேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

அன்று அந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று என் நோட்டைப் படித்திருக்கிறார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, பருத்திச் சேலை, கையில் ஆண்கள் பிடிக்கும் கறுப்புக் குடை. என் கேமராவின் முகப்பில் தூசி படாமல் இருக்க நான் மாட்டியிருந்த கண்ணாடி வில்லையைக் கழற்றித் தரச் சொன்னார். அதன் நடுவில் என் தண்ணீர் பாட்டிலிலிருந்து விரல் நுனியால் ஒரு சொட்டு விட்டார். சொட்டு அசைவு நின்று உருண்டு நிற்கும்வரை காத்திருந்து, கல்லுக்கு மேலே பிடித்தார்.

“என்ன தெரியுது?”

“ஏழு மாதிரி இருக்கு.”

“மாதிரி வேண்டாம் சார். பார்த்துச் சொல்லுங்க.”

ஏழுதான். அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணின் பாதியும் இருந்தது. நான் மூன்று ஞாயிறுகள் வெறுங்கண்ணால் தடவிய கல் அது.

அவர் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் அளவைக் கருவிகள் பிரிவில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வேலையில் இருந்த காலத்திலேயே நகரியத்துக் குடியிருப்பை விட்டு, சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு அருகே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு மகளோடு இருந்தார். நான் போகிற ஞாயிறுகளில் அந்த வீட்டில் ஒரு டீ உண்டு. டீயைவிட அவர் பேச்சுக்காகத்தான் போனேன். அவர் எதையும் ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஃபேன் நின்றுவிட்டது, கரண்ட் இல்லையா என்று கேட்டால், “ஃபேன் நின்னிருக்கு. விளக்கும் எரியல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்பார். மகள் வாசுகி வந்துவிட்டாளா என்றால், “இன்னும் பார்க்கல” என்பார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

“முப்பது வருஷம் முள்ளைப் பார்த்தவ சார் நான். முள் பூஜ்யத்துல நின்னா அங்க ஒண்ணுமில்லாம இருக்கலாம், கருவி செத்துப்போயும் இருக்கலாம். எதுன்னு தெரியாம இல்லைன்னு எழுதினா அது வேலை இல்ல, சோம்பேறித்தனம்.”

மீன் கொண்டுவரும் எல்லம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. கூடையை வாசலில் இறக்கிவைத்துக்கொண்டு என்னிடம் சொல்வாள்.

“இன்னா சார், யக்கா கைல சிக்கிகினியா? உன்னாண்ட உப்பு கீதா யக்கான்னு கேட்டுப் பாரு. கீதுன்னும் சொல்லாது, இல்லன்னும் சொல்லாது. உள்ள போயி, டப்பாவத் தொறந்து, கைய வுட்டுப் பாத்துட்டுதான் வரும். அதுக்குள்ள என் மீனு நாறிப்பூடும்.”

“உன் மீனு வரும்போதே அப்படித்தான் வருது,” என்பார் அவர், டப்பாவோடு வந்தபடி.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவர் கணவரைப் பற்றி எல்லம்மா சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

கணவரும் அதே நிலையத்தில் கட்டடப் பிரிவில் இருந்தவர். 1996 மே மாதம் ஒரு பிற்பகல், நண்டு வாங்கிவருகிறேன் என்று ஸ்கூட்டரில் கடப்பாக்கம் போனார். ஆலம்பரைக் கோட்டைச் சுவரின் நிழலில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. கழிமுகத்தில் வலை போட்டிருந்தவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. கடலும் எதையும் திருப்பித் தரவில்லை. நான் என் வழக்கப்படி அங்கே இரண்டுமுறை போய் விசாரித்தேன். நண்டு விற்பவர், அவர் தன்னிடம் வரவே இல்லை என்றார். அதற்கு மேல் எனக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

வருஷங்கள் போயின. உறவுக்காரர்கள் காரியம் செய்துவிடலாம் என்றார்கள். அவர் பொட்டை எடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. “அவர் வர்றதை நான் பார்க்கல. போனதையும் பார்க்கல. ஸ்கூட்டரைத்தான் பார்த்தேன்,” என்றே எல்லோருக்கும் பதில் சொன்னாராம். அழுததாக எல்லம்மாவுக்கு நினைவில்லை.

2001இல் அவர் ஒரு லென்ஸ் செய்தார். முந்தைய ஆண்டு நிலையத்து நூலகத்தில் படித்த ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதி அவரிடம் இருந்தது. வெளிநாட்டில் யாரோ திரவத்தால் லென்ஸ் செய்திருந்தார்கள். அதைப் பார்த்து இவரும் வீட்டு மேசையில் முயன்றார். பொத்தான் அளவில் ஓர் அலுமினிய வளையம். உள்சுவரில் மோட்டார் சுருளுக்குப் பூசும் வார்னிஷ், அதன்மேல் மெல்லிய மெழுகு. இரண்டு பக்கமும் கண்ணாடி வில்லை. உள்ளே பாதி எண்ணெய், பாதி உப்புத் தண்ணீர். இரண்டும் கலக்காது, அவை தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு வளைவு விழும். அந்த வளைவே லென்ஸ். மின்சாரம் கொடுத்தால் தண்ணீர் சுவரில் ஒட்டப் பார்க்கும், வளைவு மாறும். மின்சாரம் கூடினால் அருகில் இருப்பது தெளியும், குறைந்தால் தூரத்தில் இருப்பது தெளியும். கண்ணாடி லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திச் செய்கிற வேலையை இது இருந்த இடத்தில் இருந்தபடியே செய்தது.

“நம்ம கண்ணும் இப்படித்தான சார்,” என்றார். “கிட்ட இருக்கிறதைப் பார்க்கக் கண்ணை வெளிய நீட்டுதோமா?”

எண்ணெயும் தண்ணீரும் ஒரே கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதற்காக எண்ணெயில் எதையெதையோ கலந்து பார்த்தார். கடைசியில் கடல் தண்ணீரே பொருந்தியது. வடிதாளில் வடிகட்டி, சீசாவில் வைத்திருந்தார். அந்த சீசாவைப் பார்த்த அன்று எல்லம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

“யக்கா, இந்தத் தண்ணி அண்ணனப் பாத்த தண்ணியா இருக்கும்ல?”

“தெரியாது எல்லம்மா,” என்றார் அவர். இப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்வதற்கு முன் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

லென்ஸுக்குப் பின்னால் ஒரு பழைய கறுப்புவெள்ளைக் கண்காணிப்பு கேமரா. அது எடுப்பது ஒரு சின்ன டிவியில் தெரியும். படத்தில் எது அதிகத் தெளிவு என்று தேடி, அதற்கேற்ப லென்ஸுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சர்க்யூட் கட்டியிருந்தார். மின்சாரத்தைக் காட்டும் முள்ளுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டி, எண்களுக்குப் பதில் இடங்களை எழுதியிருந்தார்: மேசை, கிணறு, கேட், சவுக்கு. ஜன்னலுக்கு வெளியே அவை அந்த வரிசையில்தான் இருந்தன. முற்றத்தில் கிணறு, அப்பால் இரும்பு கேட், ரோட்டைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல்.

அந்த சர்க்யூட் ஒரு கணமும் சும்மா இருக்காது. இன்னும் தெளிவு கிடைக்குமா என்று தேடிக்கொண்டே இருப்பதால், டிவியில் படம் லேசாகத் தெளிந்து, லேசாக மங்கி, மறுபடி தெளியும். தூங்குகிறவரின் நெஞ்சைப் பார்ப்பது போல இருக்கும். எனக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பிடிக்காமலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2002 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சார், நீங்க தேதியெல்லாம் சரி பார்க்கிறவரு. நான் ஒண்ணும் சொல்லல. என்ன தெரியுதுன்னு நீங்க சொல்லுங்க.”

டிவியில் கிணற்றுக் கட்டை மங்கலாக இருந்தது. கேட்டின் கம்பிகளும் மங்கல், சவுக்கு வெறும் புகை. கிணற்றுக்கும் கேட்டுக்கும் நடுவே, தரையில் ஒரு முழ அகலத்துக்கு மணல் மட்டும் மணிமணியாகத் தெளிந்திருந்தது. அங்கே மணலைத் தவிர ஒன்றும் கிடையாது. தெளிவைத் தேடுகிற சர்க்யூட், கம்பி கம்பியாக நிற்கும் கேட்டை விட்டுவிட்டு வெறும் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முள் இரண்டு பெயர்களுக்கும் நடுவில், எழுத்தில்லாத காகிதத்தின் மேல் அசைந்தது.

“மணல் தெரியுது,” என்றேன்.

“யாராவது அங்க நின்னா அவங்களும் இதே தெளிவுல தெரிவாங்கல்ல?”

“நின்னா தெரிவாங்க.”

“ஒரு மாசமா இப்படித்தான் சார். எங்க கொண்டுபோய் வச்சாலும் கொஞ்ச நேரத்துல அங்க வந்து நின்னுடுது.”

கணவர் சிகரெட் பிடிப்பவர். வீட்டுக்குள் கூடாது என்று இவர் கண்டிப்பாகச் சொன்னதால், வேலைவிட்டு வந்ததும் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, கிணற்றுக்கு இப்பால் வராமல் அந்த மணலில் நின்று பிடித்து முடிப்பாராம். சமையலறை ஜன்னலிலிருந்து இவர் பார்த்துக்கொண்டிருப்பார். இதை எனக்குச் சொன்னவள் வாசுகி. அவள் அம்மா சொல்லவில்லை.

அதன்பின் நான் ஒன்றைக் கவனித்தேன். எல்லம்மா கேட்டைத் திறந்து வரும்போது நேராக வருவதில்லை. மதிலை ஒட்டிச் சுற்றி வருகிறாள். தபால்காரரும் அப்படியே. கூரியர் கொண்டுவந்த ஒரு புது ஆள்கூட அந்த மணலைத் தாண்டாமல் ஓரமாக வந்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு ஞாயிறு திரும்பிப் பார்த்தபோது மழை பெய்து நனைந்த முற்றத்தில் என் செருப்புத் தடமும் மதிலோரமாகவே வந்திருந்தது.

வாசுகிக்கு இதில் எந்த மர்மமும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள்.

“ஒரே திசையில போற கரண்ட்டைக் கொடுக்கிறாங்க அங்கிள். அந்த மெழுகுல கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா தங்கிப்போகும். அப்புறம் பழகின இடத்துலதான் நிக்கும். அம்மா தினமும் காலையில முதல்ல எந்த இடத்துக்கு ஃபோகஸ் வைக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? அது பார்க்கல. ஞாபகம் வச்சிருக்கு, அவ்வளவுதான்.”

“இது அம்மாவுக்குத் தெரியுமா?”

“அந்த ஜெராக்ஸிலேயே இருக்கு. திசை மாறி மாறிப் போற கரண்ட் கொடுத்தா தங்காதுன்னு போட்டிருக்கு. அடிக்கோடு போட்டதே அம்மாதான்.”

இந்த நிலையில்தான் வாசுகியின் கல்யாணம் வந்தது. கூட வேலை பார்க்கும் பையன், ஊரப்பாக்கம். இரண்டு வீட்டிலும் சம்மதம். தை கடைசியில் முகூர்த்தம் குறித்து, செங்கல்பட்டில் மண்டபமும் பிடித்தாகிவிட்டது. பத்திரிகை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. மெய்ப்பு என் மேசைக்கு வந்தபோது பெண்ணின் தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் அத்தை நேரில் வந்தார். கைப்பையை என் மெய்ப்புக் கட்டின் மேலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“சார், நா ஒண்ணும் தப்பா கேக்கல. அழைக்கிறது யாருன்னு போடணும்ல? அந்த மனுசன் கீறாருன்னா அவுரு பேர்ல அழைங்க, கல்யாணத்தன்னிக்கு வந்து நிக்கட்டும். இல்லன்னா அமரர்னு போடுங்க. எங்க வூட்ல பெரியவங்க கேக்கறாங்கோ. ஒண்ணு அவுரு அழைக்கணும், இல்ல அமரராவணும். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்க வெச்சா, தாரை வாக்க யாரு வருவாங்க?”

“கொஞ்சம் பொறுங்கம்மா, கேட்டுச் சொல்றேன்.”

“அந்தம்மா ஏழு வருசமா பொறுக்கறாங்கோ. பொறுத்தது போதும்னு சொல்லிடுங்க. தை போனா வேற பொண்ணு பாக்க சொல்லிப்பூடுவாரு எங்கண்ணன். பையன் அப்பன் பேச்சத் தாண்ட மாட்டான்.”

அதையெல்லாம் நான் சதுரங்கப்பட்டினம் போய்ச் சொன்னேன். ஒரு சொல்லை அச்சேற்றினால் மகளுக்குக் கல்யாணம் நடக்கும். அந்த அம்மாளின் நெற்றியில் பொட்டு இருக்காது. அச்சேற்றாவிட்டால் கல்யாணம் நிற்கும். அவர் மெய்ப்பை வாங்கிப் படித்தார்.

“நான் பார்க்காததை அச்சுல போட்டா அது பொய் சார்.”

“அப்ப என் கல்யாணம்?” என்றாள் வாசுகி.

“அது நடக்கணும்.”

“எப்படிம்மா? நீ பொட்டு வச்சுக்கிட்டு மணவறைக்கு வருவ. அப்பா எங்கன்னு அவங்க கேப்பாங்க. கிணத்தடியைக் காட்டுவியா?”

வாசுகி குரலை இறக்கிக்கொண்டாள்.

“சரி, உன் வழிக்கே வரேன். சனிக்கிழமை மாறு கரண்ட் போடலாம். மெழுகுல ஒண்ணும் தங்காது. அப்பவும் உன் லென்ஸ் அங்கேயே வந்து நின்னா, நான் இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிடறேன். அப்பா இருக்கார்னே வச்சுக்கலாம். நிக்கலைன்னா நீயே உன் கையால எழுதிக் கொடுக்கணும்.”

அவர் மெய்ப்பை மடித்து என்னிடம் நீட்டி, “சரி” என்றார்.

18.1.2003, சனிக்கிழமை, பிற்பகல். நல்ல வெயில், காற்று இல்லை. மேசைக்கு ஒரு பக்கம் அவர், எதிரே நான், என் முன்னால் மெய்ப்பு. எல்லம்மா வாசல்நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். வாசுகி அலுவலகத்தில் செய்த ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். டிவிக்குப் பின்னால் குனிந்து, பழைய இணைப்பைக் கழற்றிப் புதியதை முறுக்கினாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

படம் ஒருமுறை அதிர்ந்தது. மணல் மங்கியது, கிணறு இன்னும் மங்கியது, கேட் வந்து போயிற்று. பிறகு சவுக்குத் தோப்பு எழுந்து நின்றது. ஒவ்வொரு ஊசியிலையும் தெரிந்தது. முள் அந்தப் பெயரின் மேலேயே படுத்துக் கிடந்தது.

நாங்கள் காத்திருந்தோம். தோப்பு அப்படியே இருந்தது. தெளியவும் இல்லை, மங்கவும் இல்லை. சுவரில் மாட்டிய போட்டோ போல அசையாமல் இருந்தது. அந்த அசையாமையை நான் அப்போது நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

“போச்சு யக்கா,” என்றாள் எல்லம்மா மெதுவாக. “வுட்டுடு.”

அவர் டிவியையே பார்த்திருந்தார். பிறகு டிவியின் பின்னால் இருந்த மகளைப் பார்த்தார். வாசுகி நிமிரவில்லை, ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னிடம் கை நீட்டிப் பேனாவைக் கேட்டார். காலியாக இருந்த இடத்தில் கணவரின் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதினார். அதற்கு முன்னால் ‘அமரர்’ என்று எழுதி, பேனாவை மூடிவைத்தார். வாசுகி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. எல்லம்மா அவள் பின்னாலேயே போனாள்.

நான் மெய்ப்பை எடுத்து மடிக்கும்போது டிவி என் கண்ணில் பட்டது.

சவுக்குத் தோப்பு புகையாகிக்கொண்டிருந்தது. மெதுவாக, யாரும் அவசரப்படுத்தாமல். கேட்டின் கம்பிகள் வந்தன, அவையும் மங்கின. தரையில் மணல் மணிமணியாக எழுந்தது. அங்கே நின்ற படம் லேசாகத் தெளிந்தது, லேசாக மங்கியது, மறுபடி தெளிந்தது.

“மேடம், படம்…”

“அச்சுக்கு நேரமாகுது சார்,” என்றார். மேசையில் இருந்த தன் கைகளைப் பார்த்தபடி இருந்தார். “வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்க.”

அன்று நான் மதிலை ஒட்டி நடந்து கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஒரு பெரியப்பா முறைக்காரர் தாரை வார்த்தார். அந்த அம்மாள் வெறும் நெற்றியோடு, மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அத்தை அவரைத் தேடிப் போய்ச் சாப்பிட அழைத்தார். யாரோ ஒரு கிழவர், தகப்பனார் எப்போது தவறினார் என்று அவரிடம் கேட்டதை நான் கேட்டேன்.

“தேதி தெரியாது,” என்றார்.

அந்தச் சித்திரையில் மகளோடு ஊரப்பாக்கம் போய்விட்டார். சதுரங்கப்பட்டினத்து வீடு பூட்டிக் கிடந்தது. சாவி எல்லம்மாவிடம் இருந்தது. மேசையும் லென்ஸும் இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது ஜன்னல் பக்கத்துச் சுவரும் அந்த அறையில் இருந்த எல்லாமும் போயின. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே இருந்திருந்தால் அவர் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருப்பார். எல்லம்மா மீன் விற்கத் திருக்கழுக்குன்றம் போயிருந்ததால் தப்பினாள்.

ஊரப்பாக்கத்தில் அவரை நான்கைந்து முறை பார்த்தேன். செல்போன் கேமராவில் திரவ லென்ஸ் வரப்போகிறது என்று பத்திரிகையில் வந்த துணுக்கை வெட்டிக்கொண்டு ஒருமுறை போனேன். ஆர்வமாகப் படித்தார். “இவங்க எண்ணெய் கலக்கிறதை நல்லாக் கண்டுபிடிச்சிருக்காங்க” என்றார். பேரன் வந்து மடியில் ஏறினான். சதுரங்கப்பட்டினத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் ஒன்று மாறியிருந்தது. தாத்தா எங்கே என்று பேரன் கேட்டபோது, “இல்லை” என்று ஒரே சொல்லில் சொன்னார். எதையாவது அவர் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

2008 புரட்டாசியில் இறந்தார். காரியத்துக்கு நான் போயிருந்தபோது வாசுகி என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். துணி காயும் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னாள்.

“அன்னிக்கு நான் மாறு கரண்ட்டே போடல அங்கிள். அந்தப் பெட்டிக்குள்ள பேட்டரியும் ஒரு திருகும்தான் இருந்துச்சு. சர்க்யூட்டிலேர்ந்து லென்ஸுக்குப் போற வயரைப் பிடுங்கிட்டேன். திருகைத் திருப்பிச் சவுக்குல கொண்டுவந்து நிறுத்திட்டேன். எனக்குப் பயம். நிஜமாவே மாத்திப் போட்டு, அது மறுபடி அங்க வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?”

“பிறகு வயரைத் திரும்ப மாட்டினியா?”

“இல்லையே. அன்னிக்குச் சாயந்திரம் எல்லாத்தையும் அணைச்சேன். அப்பவும் வயர் வெளியதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு.”

நான் பார்த்ததை அவளிடம் சொன்னேன். அவள் ஒரு கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேட்டரி தளர்ந்திருக்குமோ என்று கேட்டேன். தளர்ந்தால் மின்சாரம் குறையும், படம் இன்னும் தூரத்துக்குத்தான் போகும், கிட்டே வராது என்றாள். சொல்லிவிட்டு, “அம்மா பார்த்தாங்களா?” என்று கேட்டாள்.

நான் பார்த்தபோது அவர் குனிந்திருந்தார். ஆனால் முப்பது வருஷம் முள்ளைப் பார்த்தவர் அவர். தேடுகிற சர்க்யூட் ஓய்வதில்லை என்பதும், அன்று சவுக்குத் தோப்பு போட்டோவைப் போல நின்றது என்பதும், என்னைவிட முன்னால் அவருக்குப் பட்டிருக்கும். மகள் செய்தது தெரிந்துதான் பேனாவை வாங்கினார் என்று நான் நினைக்கிறேன். அவர் எழுதிக் கொடுத்த பின்னரே அந்தப் படம் அசையத் தொடங்கியது.

வயர் கழன்றிருந்தது என்பதற்கு வாசுகியின் சொல் மட்டுமே சான்று. எல்லம்மாவைத் தேடிப் போய்க் கேட்டேன். தான் உள்ளறையில் இருந்ததாகச் சொல்கிறாள். பெட்டியும் டிவியும் கடலோடு போயின. பதற்றத்தில் வாசுகி வேறு வயரைப் பிடுங்கியிருக்கவும் கூடும். இதை எழுதும் இன்றுவரை என்னால் அது உறுதிசெய்யப்படவில்லை.